பிழையே வராத அந்த மூன்று மணி நேரம்

எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. ஹெல்த் செக் கேட்டபோதெல்லாம் 200, அதாவது எல்லாம் சரி, என்றே பதில் கொடுத்தது, லாக்கில் ஒரு எர்ரர்கூட இல்லை, சிபியு, மெமரி இரண்டும் வழக்கம்போல. புதிய வெர்ஷனை டிப்ளாய் பண்ணிவிட்டு அரை மணி நேரம் டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கழித்து, வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை பார்ப்பவரிடமிருந்து ஒரு மெசேஜ்: "அண்ணா, இன்னைக்கு போனே வரலை. முன்பதிவும் ரொம்பக் கம்மியா இருக்கு. ஏதாவது மாத்தினீங்களா?"

மாற்றியிருந்தோம். முன்பதிவுப் படிவத்தில் தேதியும் நேரமும் ஒரே ஃபீல்டாக இருந்ததை இரண்டாகப் பிரித்திருந்தோம். பிரவுசரில் பக்கத்தைப் புதிதாகத் திறந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மொபைல் செயலியின் பழைய வெர்ஷனை வைத்திருந்தவர்கள், அதாவது எங்கள் பயனர்களில் பெரும்பாலானோர், பழைய ஃபீல்டையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சர்வர் அதைப் பார்த்து "தேதி வரவில்லை" என்று பதில் சொன்னது, ஆனால் அந்தப் பதிலின் ஸ்டேட்டஸ் 200. செயலிக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் அதே திரையிலேயே நின்றது. வெப் சர்வரின் கணக்கில் அது வெற்றிகரமான ரெக்வஸ்ட். அப்ளிகேஷனின் கணக்கில் வழக்கமான சரிபார்ப்பு. பயனர்தான் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாங்கள் கண்காணித்த எதிலும் தெரியாத இந்த விஷயம் டேட்டாபேஸில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போன பிறகு, முன்பதிவு டேபிளில் நிமிடத்துக்கு எத்தனை ரெக்கார்டு விழுந்தது என்று எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 40, 38, 43 என்று ஓடிக்கொண்டிருந்தது டிப்ளாய் ஆன நிமிடத்திலிருந்து 9, 7, 8 என்று ஆகியிருந்தது. செயலி எது, பிரவுசர் எது என்று பிரித்துப் பார்த்தால் பழைய செயலியின் பக்கம் சுத்தமாக ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸிடம் கேட்கும் மூன்று வரிக் கேள்வி, அதாவது குவெரி, அது. யாராவது போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பழக்கம். டிப்ளாய் ஆனதும் லாக்கில் எர்ரர் தேடுவதைவிட, நடந்துகொண்டிருந்த எது நின்றுபோனது என்று டேட்டாபேஸிடம் கேட்பது. நான் போஸ்ட்கிரெஸ் வைத்து வேலை பார்க்கிறவன், அதனால் கீழே வரும் பெயர்களெல்லாம் அதில் இருப்பவை. மற்ற டேட்டாபேஸ்களிலும் இவற்றுக்கு இணையானவை பெரும்பாலும் உண்டு.

முதல் குவெரியில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அநேகமாக எல்லோரும் செய்கிறார்கள். ரெக்கார்டு உருவான நேரத்தை டேட் ட்ரங்க் வைத்து நிமிடத்துக்கு வெட்டி, குரூப் பை போட்டு, கவுண்ட் எடுத்தேன். அழகாக வந்தது. பிரச்சினை என்னவென்றால், ஒரு நிமிடத்தில் ஒரு ரெக்கார்டுகூட விழவில்லை என்றால் அந்த நிமிடம் 0 என்று வராது, அந்த வரியே வராது. 10:04, 10:05, 10:11, 10:12 என்று பட்டியல் ஓடும்போது நடுவில் ஐந்து நிமிடம் இல்லை என்று கண் எண்ணாது, எண்கள் மட்டும் 40, 41, 39 என்று நன்றாகத் தெரியும். நாம் தேடுவதே வெறுமையை, குவெரி மறைப்பதும் அதையேதான்.

சரி என்று ஜெனரேட் சீரீஸ் வைத்துக் கடந்த அறுபது நிமிடங்களுக்கும் ஒவ்வொரு வரி உருவாக்கி, அதற்கு முன்பதிவு டேபிளை லெஃப்ட் ஜாயின் பண்ணினேன். இப்போது எல்லா நிமிடமும் வந்தது. ஆனால் 0 வர வேண்டிய இடத்தில் 1 வந்தது. கொஞ்ச நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: லெஃப்ட் ஜாயினில் வலப்பக்கம் பொருந்தவில்லை என்றாலும் இடப்பக்க வரி ஒன்று இருக்கத்தானே செய்கிறது, கவுண்ட் ஸ்டார் அந்த வரியை எண்ணிவிடுகிறது. முன்பதிவு டேபிளின் ஐடியைக் கொடுத்து எண்ணச் சொன்னால் காலியானதை (NULL) விட்டுவிடும், 0 சரியாக வரும். இதோடு இன்னொன்று. "செயலியிலிருந்து வந்தவை மட்டும்" என்ற நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் எழுதினால், லெஃப்ட் ஜாயின் போட்ட பலனே போய்விடும், காலியான நிமிடங்கள் மறுபடி காணாமல் போகும். அந்த நிபந்தனை ஆன் (ON) பகுதியில், ஜாயினோடு சேர்ந்து இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சரி பண்ணாமல் செய்யும் கண்காணிப்பை நம்பவே கூடாது என்பேன்.

அப்புறம், கடைசி நிமிடம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிமிடம் இன்னும் முடிந்திருக்காது, 15 விநாடிதான் ஆகியிருக்கும், ஆக அந்த எண் எப்போதும் கீழே விழுந்த மாதிரியே தெரியும். முதல் வாரம் இதைப் பார்த்து இரண்டு முறை பதறியிருக்கிறேன். முடிந்த நிமிடங்களை மட்டும் எடுங்கள்.

எண் வந்துவிட்டது, எதோடு ஒப்பிடுவது? முந்தைய ஒரு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் காலையில் எல்லாம் ஏறுமுகமாகவும் மாலையில் எல்லாம் இறங்குமுகமாகவும் தெரியும், டிப்ளாயால் இறங்கியதா பொழுது சாய்ந்ததால் இறங்கியதா என்று பிரிக்க முடியாது. போன வாரம் இதே கிழமை இதே நேரம் என்பது பரவாயில்லை. ஆனால் போன வாரம் அன்றைக்கு விடுமுறையாக இருந்திருந்தால் போச்சு. நான் கடந்த நான்கு வாரங்களின் அதே கிழமை, அதே நேரத்தை எடுத்து, சராசரிக்குப் பதில் நடு மதிப்பை எடுக்கிறேன். பெர்சென்டைல் கான்ட்டுக்கு 0.5 கொடுத்தால் வந்துவிடும். ஒரு வாரம் தாறுமாறாகப் போயிருந்தாலும் நடு மதிப்பு பெரிதாக அசையாது. எண்ணிக்கை சிறியதாக இருக்கும் விஷயங்களில், உதாரணமாக மணிக்கு மூன்று பேர் மட்டும் செய்யும் ஒரு காரியத்தில், ஐந்து நிமிடத்துக்கு 0 வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அவற்றுக்குப் பார்க்கும் கால அளவை அரை நாளாக விரிக்க வேண்டும், இல்லையென்றால் தினமும் வீண் எச்சரிக்கை வந்து கடைசியில் யாருமே அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

இதைவிட நல்ல ஒப்பீடு ஒன்று பிற்பாடுதான் பிடிபட்டது. நாங்கள் சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறோம், அதனால் பதினைந்து இருபது நிமிடம் பழைய வெர்ஷனும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடும். அப்படியானால் போன வாரத்தை ஏன் தேட வேண்டும்? அதே நிமிடத்தில், அதே மாதிரிப் பயனர்களுக்கு, இரண்டு வெர்ஷனும் வேலை செய்துகொண்டிருக்கின்றன, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இதற்கு ஒவ்வொரு ரெக்கார்டும் எந்த வெர்ஷனிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். முன்பதிவு, கட்டணம், பின்னணி வேலைகள் ஆகிய மூன்று டேபிள்களிலும் வெர்ஷன் என்று ஒரு ஃபீல்டு சேர்த்தோம், அப்ளிகேஷன் கிளம்பும்போதே தன் கமிட் ஹாஷின் (அந்த வெர்ஷனின் அடையாளக் குறியீடு) முதல் எட்டு எழுத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு எழுதும் ஒவ்வொரு ரெக்கார்டிலும் போட்டுவிடும். சேர்க்கும்போது "இதெல்லாம் தேவையா" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று எங்கள் குவெரிகளில் பாதிக்கு மேல் அந்த ஃபீல்டை நம்பித்தான் இருக்கின்றன.

கூடவே டிப்ளாய்மென்ட் என்றே ஒரு சின்ன டேபிள். வெர்ஷன், எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, மைக்ரேஷன், அதாவது டேபிள்களின் அமைப்பில் மாற்றம், இருந்ததா. டிப்ளாய் பண்ணும் ஸ்கிரிப்டே ஆரம்பத்தில் ஒரு ரெக்கார்டைச் சேர்த்து, முடியும்போது நேரத்தை நிரப்பும். கையால் எழுதினால் மறந்துவிடுவோம், மறந்த நாளில்தான் அது தேவைப்படும். நேரத்தை டைம்ஸோனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வகையிலேயே வையுங்கள். எங்களுக்கு ஒரு டேபிளில் அப்ளிகேஷன் உள்ளூர் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தது, இன்னொன்றில் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஜாயின் பண்ணினால் டிப்ளாய்க்கு முன்னால் நடந்ததெல்லாம் பின்னால் நடந்த மாதிரி வந்தது. அதைச் சரி பண்ண ஒரு நாள் போனது.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் அப்ளிகேஷன் நேம். டேட்டாபேஸோடு இணையும்போது கனெக்‌ஷன் விவரத்தில் ஒரு பெயர் கொடுக்கலாம், பலர் அதைக் காலியாகவோ ஃபிரேம்வொர்க் வைத்த பெயரோடோ விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அதில் சர்வீஸின் பெயர், ஒரு சாய்கோடு, கமிட் ஹாஷ் என்று வைத்தோம். 63 எழுத்துக்கு மேல் போனால் போஸ்ட்கிரெஸ் வெட்டிவிடும், அதனால் சுருக்கமாக. இனி பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் அந்தப் பெயரை வைத்து குரூப் பை போட்டு எண்ணினால், இந்த நொடி டேட்டாபேஸோடு பேசிக்கொண்டிருக்கும் எல்லா வெர்ஷனும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கனெக்‌ஷன் என்பதும் கண்முன் வந்துவிடும். டிப்ளாய் நடக்கும்போது இதை வாட்ச் கட்டளையோடு ஓட விட்டுப் பார்ப்பது எனக்கு இப்போதும் பிடிக்கும். பழைய ஹாஷ் 60, புதியது 20. அப்புறம் 40, 40. அப்புறம் 20, 60. கடைசியில் பழைய வரியே மறைந்து ஒரே வரி மட்டும் நிற்கும்.

நிற்க வேண்டும். ஒருமுறை நிற்கவில்லை. புதிய ஹாஷ் 80 ஆன பிறகும் பழைய ஹாஷின் பக்கம் 2 என்று ஒரு வரி இருந்துகொண்டே இருந்தது. டிப்ளாய் ஸ்கிரிப்ட் வெற்றி என்று சொல்லி முடித்துவிட்டது. தேடிப் பார்த்தால், பின்னணி வேலைகளைச் செய்யும் ஒரு வொர்க்கரை மாதக்கணக்கில் முன்னால் யாரோ தனியாக ஒரு மெஷினில் ஓட விட்டிருக்கிறார்கள், அது ஸ்கிரிப்டின் பட்டியலிலேயே இல்லை. புதிய அப்ளிகேஷன் வரிசையில் போடும் வேலைகளில் அதன் கையில் சிக்கியவை மட்டும் தோற்றுக்கொண்டிருந்தன. வேலைகள் டேபிளில் வெர்ஷனையும் நிலையையும் வைத்து எண்ணியபோது தோற்ற 14 வேலைகளும் அந்தப் பழைய ஹாஷின் கீழேயே இருந்தன, புதியதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு குவெரி, நான்கு நிமிடம். வெர்ஷன் ஃபீல்டு இல்லாமல் இருந்திருந்தால் "சில நேரம் தோற்கிறது, சில நேரம் ஓடுகிறது" என்று புதிய வெர்ஷனையே நாள்கணக்கில் குடைந்திருப்போம்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு: 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிடல் என்ற வர்த்தக நிறுவனம் நொறுங்கியதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதிய கோட் போயிருந்தது, எட்டாவதில் பழையது அப்படியே இருந்தது. பயன்பாட்டை விட்டுப் பல வருடமான ஒரு பழைய பகுதியை இயக்கும் ஃபிளாக்கையே புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள், எட்டாவது சர்வரில் அந்தப் பழைய பகுதி எழுந்து ஆர்டர்களை அள்ளி விட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். எங்கே எந்த வெர்ஷன் ஓடுகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு டிப்ளாயிலும் நான் கேட்பதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

கனெக்‌ஷன் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. போஸ்ட்கிரெஸில் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் மாற்றாமல் விட்டால் 100. நான்கு சர்வர், ஒவ்வொன்றுக்கும் 20 கனெக்‌ஷன் பூல் என்றால் 80, நிம்மதி. டிப்ளாய் நடக்கும்போது புதிய சர்வர் இரண்டு கிளம்பிய பிறகுதான் பழையவை இறங்கும் என்று வைத்திருந்தால், நடுவில் 120 தேவைப்படும். சாதாரண நாளில் இது தெரியவே தெரியாது, டிப்ளாய் ஆகும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் முட்டும்.

இனி பூட்டு விஷயம். இதுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஒரு டேபிளில் புதிய ஃபீல்டு சேர்க்கும் மைக்ரேஷன். போஸ்ட்கிரெஸ் 11 முதல், நிலையான ஒரு டீஃபால்ட் மதிப்போடு ஃபீல்டு சேர்த்தாலும் டேபிளை முழுக்கத் திருப்பி எழுதுவதில்லை, ஒரு நொடிகூட ஆகாது. அந்தத் தைரியத்தில் மதியம், நல்ல கூட்டம் இருக்கும் நேரத்தில் ஓட்டினோம். ஓட்டியதும் தளம் முழுக்க நின்றுவிட்டது. எர்ரர் இல்லை, எல்லாப் பக்கமும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்தால், வெயிட் ஈவென்ட் டைப் என்ற ஃபீல்டில் லாக் என்று, அதாவது பூட்டுக்குக் காத்திருப்பதாக, நாற்பத்து சொச்சம் வரி. பிஜி பிளாக்கிங் பிட்ஸ் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது, ஒரு ப்ராசஸின் எண்ணைக் கொடுத்தால் அதை யார் மறிக்கிறார்கள் என்று சொல்லும். அதை வைத்துப் பின்னோக்கிப் போனேன். பயனர்களின் செலக்ட் எல்லாம் எங்கள் ஆல்டர் டேபிளுக்குப் பின்னால் நின்றன. ஆல்டர் டேபிள் இன்னொரு ப்ராசஸுக்குப் பின்னால் நின்றது. அந்த ப்ராசஸின் நிலை: ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன். அந்த நேரத்தில் ஒரு வேலையும் செய்யவில்லை, ட்ரான்ஸாக்‌ஷனைத் 25 நிமிடத்துக்கு முன் திறந்து, மூடாமல் வைத்துக்கொண்டிருந்தது. அதன் அப்ளிகேஷன் நேம் நான் குவெரி ஓட்டிப் பார்க்கும் டூலின் பெயர். டிப்ளாயைக் கண்காணிக்கத் திறந்து வைத்த என்னுடைய ஜன்னல்தான் அது.

நடந்தது இது. ஒவ்வொரு குவெரி முடிந்ததும் ட்ரான்ஸாக்‌ஷனைத் தானே மூடும் ஆட்டோ கமிட் அந்த டூலில் அணைந்திருந்தது. முதல் செலக்ட் ஓடியதுமே ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கிவிட்டது, முன்பதிவு டேபிள் மீது படிப்பவர்கள் எடுக்கும் மெல்லிய பூட்டு ஒன்று ஒட்டிக்கொண்டது. அந்தப் பூட்டு மற்றவர்கள் படிப்பதையோ எழுதுவதையோ தடுக்காது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆல்டர் டேபிளுக்கு வேண்டியது யாரோடும் ஒத்துப்போகாத முழுப் பூட்டு, அதனால் அது காத்திருந்தது. அது வரிசையில் நின்றதும், அதற்குப் பிறகு வந்த சாதாரண செலக்ட்களும் அதைத் தாண்டிப் போக முடியாமல் பின்னால் நின்றன. ஒரு நொடி வேலை, ஆனால் அந்த ஒரு நொடிக்குக் காத்திருந்த நேரம் முழுக்கத் தளம் படுத்துவிட்டது.

அதே ஜன்னல் இன்னொரு தவறும் செய்திருந்தது, அது இதைவிட மோசம் என்று நினைக்கிறேன். போஸ்ட்கிரெஸில் நவ் என்பது ட்ரான்ஸாக்‌ஷன் ஆரம்பித்த நேரம். ட்ரான்ஸாக்‌ஷன் முடியும்வரை அது நகராது. "கடைசி ஐந்து நிமிடத்தில் எத்தனை முன்பதிவு" என்று நான் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்த குவெரியில், ஐந்து நிமிடத்தின் தொடக்கம் 25 நிமிடத்துக்கு முன்பே உறைந்துவிட்டது, புதிய ரெக்கார்டுகள் மட்டும் சேர்ந்துகொண்டே போயின. எண் ஏறிக்கொண்டே இருந்ததைப் பார்த்து "நன்றாகப் போகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் நான் பார்த்தது அரை மணி நேரத்தின் மொத்தம். முன்பதிவு பாதியாகக் குறைந்திருந்தாலும் அந்த எண் ஏறித்தான் இருக்கும். கண்காணிப்புக் குவெரிகளில் நான் இப்போது நடப்பு நேரத்தையே தரும் கிளாக் டைம்ஸ்டாம்ப் பயன்படுத்துகிறேன், ஆட்டோ கமிட் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன்.

அதன் பிறகு மைக்ரேஷனுக்கு முன்னால் ஒரு குவெரி கட்டாயமாகிவிட்டது: ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்திருக்கும் ட்ரான்ஸாக்‌ஷன் எது, யாருடையது, அது ஆரம்பித்தது (xact_start என்ற ஃபீல்டு) எப்போது. ஏதாவது இருந்தால் மைக்ரேஷன் ஓடாது. ஓடும்போதும் லாக் டைம்அவுட் 3 விநாடி வைத்துவிடுகிறோம், அதற்குள் பூட்டு கிடைக்கவில்லை என்றால் விலகிக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும், பின்னால் யாரும் அந்த 3 விநாடிக்கு மேல் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸை, டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல், கன்கரன்ட்லி போட்டு உருவாக்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நடுவில் அது தோற்றால் பாதி இண்டெக்ஸ் செல்லாத நிலையில் அங்கேயே கிடக்கும், தேடலுக்குப் பயன்படாது, ஆனால் எழுதும் ஒவ்வொரு தடவையும் அதைப் பராமரிக்கும் செலவு இருந்துகொண்டே இருக்கும். பிஜி இண்டெக்ஸில் இண்ட் இஸ் வேலிட் பொய் என்று இருப்பவற்றைத் தேடினால் கிடைத்துவிடும். நான் முதல்முறை தேடியபோது மூன்று இருந்தன.

வேகம் குறைந்ததா என்ற கேள்விக்கு, ஓடிய ஒவ்வொரு குவெரிக்கும் கணக்கு வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ். இதை ஷேர்டு ப்ரீலோடில் சேர்த்து டேட்டாபேஸை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ண வேண்டும், அதனால் தேவைப்படும் நாளில் சேர்க்க முடியாது, முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். இதில் இருக்கும் எண்களெல்லாம் கடைசியாக ரீசெட் ஆனதிலிருந்து சேர்ந்த மொத்தம். சராசரி நேரத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மூன்று மாதக் கோடிக்கணக்கான ஓட்டங்களோடு இன்றைய பத்து நிமிடம் கரைந்துபோகும். ரீசெட் பண்ணலாம், ஆனால் அதே எண்களை நம்பும் மற்றவர்களின் வரைபடங்களெல்லாம் உடையும். நான் டிப்ளாய்க்கு முன்னால் அந்த வியூவை அப்படியே ஒரு டேபிளில் நகல் எடுத்து, பின்னால் இன்னொரு நகல் எடுத்து, குவெரி ஐடியை வைத்து ஜாயின் பண்ணிக் கழித்துவிடுகிறேன். அந்த இடைவெளியில் ஒவ்வொரு குவெரியும் எத்தனை முறை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்பது வந்துவிடும்.

இதில் நேரத்தைவிட எண்ணிக்கை அதிகம் சொல்கிறது. ஒரு டிப்ளாயில் பயனரின் பெயரைப் படிக்கும் ஒரு சாதாரண குவெரி, ஒவ்வொன்றும் 0.3 மில்லிசெகண்ட், பட்டியலின் மேலே வந்து நின்றது. மெதுவான குவெரிகளைப் பதிவு செய்யும் லாக்கில் அது ஒருநாளும் வராது. ஓடிய எண்ணிக்கையைப் பக்கம் திறக்கப்பட்ட எண்ணிக்கையால் வகுத்தேன்: பழைய வெர்ஷனில் பக்கத்துக்கு 1, புதியதில் பக்கத்துக்கு 40. பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு முன்பதிவுக்கும் தனித்தனியாகப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓஆர்எம் (குவெரிகளைத் தானே எழுதித் தரும் லைப்ரரி) வைத்து எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை, ஆனால் சோதனைச் சூழலில் ஒரு பக்கத்தில் இரண்டு முன்பதிவு மட்டும் இருக்கும்போது யார் கண்ணிலும் படாது.

கண்காணிக்கும் குவெரியே பாரமாகிவிடக்கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பத்து விநாடிக்கு ஒருமுறை ஓடும் ஒரு குவெரி, உருவான நேரத்துக்கு இண்டெக்ஸ் இல்லாத டேபிளை ஒவ்வொரு முறையும் அடி முதல் நுனி வரை படித்துக்கொண்டிருந்தது. புதிய வெர்ஷன் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தது, எக்ஸ்ப்ளெயின் போட்டுப் பார்த்தால் காரணம் நாங்கள். இப்போது கண்காணிப்புக்கென்று தனி யூசர், படிக்க மட்டும் உரிமை, ஸ்டேட்மென்ட் டைம்அவுட் 2 விநாடி. பிஜி மானிட்டர் என்ற ரோலை அந்த யூசருக்குக் கொடுத்தால் மற்றவர்களின் குவெரி என்ன என்பதும் தெரியும், இது போஸ்ட்கிரெஸ் 10 முதல் இருக்கிறது. இல்லையென்றால் குவெரி ஃபீல்டில் போதிய உரிமை இல்லை என்றே வரும், பூட்டு விழுந்த நேரத்தில் அதைப் பார்ப்பது கொடுமை.

பாரத்தைக் குறைக்க ரெப்ளிகாவில், அதாவது டேட்டாபேஸின் நகலில், ஓட்டலாமே என்றால், ஓட்டலாம். ஆனால் டிப்ளாயோடு பெரிய டேட்டா மாற்றம் ஏதாவது ஓடினால் ரெப்ளிகா சில நிமிடங்கள் பின்தங்கும், கடைசி நிமிடங்களில் எண்கள் சரிந்த மாதிரி தெரியும். இதை நம்பி நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு டிப்ளாயை நான் ரோல்பேக் பண்ணியிருக்கிறேன். ரெப்ளிகாவில் எதை ஓட்டினாலும் அது எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற எண்ணையும் அதே விடையில் இன்னொரு ஃபீல்டாகச் சேர்த்துவிடுங்கள், தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அவசரத்தில் பார்க்க மாட்டோம்.

பின்னணி வேலைகளின் வரிசைக்கு எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. 500 வேலை காத்திருக்கிறது என்றால் நல்லதா கெட்டதா? வொர்க்கர்கள் வேகமாக இருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். காத்திருப்பதில் மிகப் பழைய வேலைக்கு எத்தனை வயது என்று கேட்கிறேன், அதுவும் வேலையின் வகைவாரியாக. மொத்தமாகக் கேட்டால், மின்னஞ்சல் அனுப்பும் வேலைகள் சரசரவென்று ஓடுவதைப் பார்த்துவிட்டு ரசீது உருவாக்கும் வேலைகள் அரை மணி நேரமாக நிற்பதைத் தவறவிடுவோம்.

இந்தக் குவெரிகள் எல்லாம் முன்பு என் கணினியில் ஒரு கோப்பில் கிடந்தன. இப்போது கோட் இருக்கும் ரெப்பாசிட்டரியிலேயே இருக்கின்றன, புதிதாக ஏதாவது மாற்றம் செய்கிறவர் அது புரொடக்‌ஷனில் வேலை செய்கிறது என்பதை எந்தக் குவெரி சொல்லும் என்று எழுதித் தந்த பிறகுதான் ரிவ்யூவுக்கு எடுக்கிறோம். ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது, இரண்டு மாதத்தில் பழகிவிட்டது.

போன மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் முன்பதிவை ரத்து செய்பவர்களுக்குப் பணம் திரும்பப் போகும் பகுதியை மாற்ற வேண்டியிருந்தது. கோட் எதையும் தொடும் முன்பே குவெரியை எழுதி, இப்போதைய நிலவரத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று புரொடக்‌ஷனில் ஓட்டினார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தார். "அண்ணா, என் குவெரில ஏதோ தப்பு இருக்கு போல. செயலியிலிருந்து ரத்து பண்ணவங்களுக்கு 0-ன்னே வருது." இருவரும் உட்கார்ந்து ஜாயினைப் பார்த்தோம், நிபந்தனைகளைப் பார்த்தோம், ஐடியைத்தான் எண்ணுகிறதா என்று பார்த்தோம். குவெரி சரியாகத்தான் இருந்தது. பார்க்கும் கால அளவை ஒரு மாதத்துக்கு விரித்தோம். 19 நாளாக 0. அதற்கு முன்னால் தினமும் இரண்டு மூன்று. கடைசி ரெக்கார்டு விழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு டிப்ளாய்மென்ட் டேபிளில் தேடினார். அது விழுந்து 6 நிமிடம் கழித்து ஒரு டிப்ளாய் முடிந்திருந்தது. பணம் வராமல் இருந்த 47 பேரின் பட்டியலையும் அதே குவெரியிலிருந்தே எடுத்து, அன்று மாலைக்குள் உதவிப் பிரிவுக்கு அனுப்பினோம்.